டூப்ளிகேட் என்கிற வசைச்சொல்

'டூப்ளிகேட்' மாதிரி சோம்பேறித்தனமாகப் புழங்குகிற சொல் தமிழ்நாட்டு மெக்கானிக் ஷெட்டுகளில் வேறில்லை. வண்டி உதிரி பாக விஷயத்தில் மூன்று வெவ்வேறு சரக்குகளை அது ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறது. ஒரு கம்பெனியின் பெயரையும் ஹோலோகிராமையும் திருடி ஒட்டிய போலி ஒன்று. வண்டிக் கம்பெனிக்கே பிஸ்டனோ வால்வோ செய்து கொடுக்கிற தொழிற்சாலை, தன் சொந்தப் பெயரில், தன் சொந்தப் பெட்டியில் கடைக்கு அனுப்புவது இன்னொன்று. வண்டிக் கம்பெனியோடு எந்த ஒட்டுறவும் இல்லாத ஒரு பட்டறை, அளவெடுத்து, தன் பெயரைப் போட்டுச் செய்து விற்பது மூன்றாவது. முதலாவது திருட்டு. இரண்டாவது வியாபாரம். மூன்றாவது, பார்த்து வாங்க வேண்டிய வியாபாரம். மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் லாபம் யாருக்கு என்று கேட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும். மீதிப் பாதிக்காகக் கொஞ்சம் விரிவாகத் திட்ட வேண்டியிருக்கிறது.

நான் மெக்கானிக் இல்லை. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறேன். வீட்டில் அப்பா வாங்கிய பழைய பிக்கப் ஒன்று இன்னும் ஓடுகிறது. டி.என். 25 நம்பர், வயது பதினெட்டு. நிலக்கடலை மூட்டை, பந்தல் சாமான், நர்சரிச் செடி, ஜமுனாமரத்தூரிலிருந்து பலாவும் புளியும் சாமையும், தீபத்துக்கு வருகிற கூட்டத்துக்கான அன்னதான அண்டாக்கள் என்று அது ஏற்றாத சுமை இல்லை. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இது அந்தக் கம்பெனியைப் பற்றிய கட்டுரையாகச் சுருங்கிவிடும்.

போன வருஷம் ஜவ்வாது மலை ஏற்றத்தில் வண்டி ஹீட் ஆக ஆரம்பித்தது. சமவெளிக்கு வந்தால் நீலப்புகை தள்ளியது, ஆயில் குடித்தது. இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும் என்றானது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டோம். "இந்த மாடலுக்கு இப்ப கிட் தனியா வர்றதில்ல சார். ஆர்டர் போட்டா ரெண்டு மாசம் ஆகும், வந்தாலும் வரும். பேசாம எக்ஸ்சேஞ்ச்ல விட்டுட்டு புதுசு எடுத்துடுங்க." பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். அவருக்கும் மாசத்துக்கு இத்தனை வண்டி என்று டார்கெட் இருக்குமில்லையா.

வெளியே ஆட்டோமொபைல்ஸ் கடையில் லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு, கேஸ்கெட் எல்லாம் இரண்டே நாளில் கிடைத்தன. லேத் கூலி, மெக்கானிக் கூலி சேர்த்து எழுபதாயிரத்துக்குச் சற்று மேலே ஆனது. புது பிக்கப் என்றால் ஒன்பது, பத்து லட்சம்; ஐந்து வருஷத் தவணை. இந்தக் கணக்கைச் சொன்னபோது, சென்னையிலிருந்து கிரிவலத்துக்கு வந்திருந்த நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். நிறையப் படிக்கிறவர், எழுதுகிறவர். "டூப்ளிகேட் பார்ட்ஸ் போட்டு இன்னும் எத்தன நாள் இழுப்பீங்க? இதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போகணும் பாஸ்" என்றார். அவர் ஒரே மூச்சில் இரண்டு தீர்ப்புகளைச் சொல்லிவிட்டார். இரண்டையும் படித்தவர்கள் நிறையப் பேர் யோசிக்காமல் சொல்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டூப்ளிகேட். வண்டிக் கம்பெனிகள் பெரும்பாலும் பிஸ்டன் செய்வதில்லை. பேரிங் செய்வதில்லை, ஸ்டார்ட்டர் மோட்டார் செய்வதில்லை. வரைபடம் கொடுக்கும், அளவு கொடுக்கும், வாங்கும், பூட்டும். செய்கிறவர்கள் வேறு ஆட்கள். அதில் நிறையப் பேர் நம்ம ஊர்க்காரர்கள். சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் தொடங்கப்பட்டது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். 1961இல் வந்தது, ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் அவர்கள் வேலை. கோயம்புத்தூரில் பைமெட்டல் பேரிங்ஸ். இன்ஜின் வால்வு என்றால் ரானே. சுதந்திரத்துக்குப் பிந்தைய தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் சினிமா ஸ்டுடியோவையும் பஞ்சாலையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இந்தியாவின் பாதி இன்ஜின்களுக்குள் என்ன இருக்கிறது, அது எந்த ஊரில் வார்க்கப்பட்டது என்று யாரும் எழுதக் காணோம். அது இருக்கட்டும்.

இந்த மாதிரித் தொழிற்சாலையில் செய்த பேரிங், வண்டிக் கம்பெனியின் பெட்டிக்குள் போனால் 'ஜெனியூன்'. செய்தவரின் சொந்தப் பெட்டியில் வந்தால் 'வெளி பார்ட்ஸ்'. பெற்றவள் பெயரில் வந்தால் கள்ளப்பிள்ளையாம், தத்தெடுத்தவர் பெயரில் வந்தால்தான் அசல் வாரிசாம். ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் கேலிக்கூத்தை 2002லேயே தீர்த்துவைத்தது. மோட்டார் வாகன வியாபாரத்துக்காக அது கொண்டுவந்த 1400/2002 எண் ஒழுங்குமுறை, 'ஒரிஜினல் பாகம்' என்பதற்குத் தெளிவாக இலக்கணம் சொன்னது: வண்டிக் கம்பெனி கொடுத்த அளவுக்கும் தரத்துக்கும் ஏற்பச் செய்யப்பட்ட பாகம் ஒரிஜினல்தான், செய்தவர் எவராக இருந்தாலும். பாகம் செய்கிறவர் அதில் தன் முத்திரையைப் பதிக்கிற உரிமைக்கும் அது பாதுகாப்புக் கொடுத்தது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளி பார்ட்ஸ் போட்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் வாரன்ட்டியை ரத்து செய்ய முடியாது. அந்தப் பாகத்தால்தான் கோளாறு என்று கம்பெனி காட்ட வேண்டும். இங்கே ஒரு ஹாரன் மாற்றினாலே வாரன்ட்டி போச்சு என்று பயமுறுத்துகிறார்கள், நாமும் பயப்படுகிறோம்.

இந்தியாவிலும் ஒருவர் கேள்வி கேட்டார். ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். கார் கம்பெனிகள் உதிரி பாகங்களைத் திறந்த சந்தையில் விற்பதில்லை, பழுது கண்டறியும் கருவிகளையும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை என்பது புகார். விசாரணை விரிந்துகொண்டே போய், 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. டாடா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346 கோடி. மாருதி, மஹிந்திரா, ஹோண்டா, டொயோட்டா எல்லாரும் பட்டியலில் உண்டு. மேல்முறையீட்டில் 2016 டிசம்பரில் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் ஆகிய மூவர் மீதான தீர்ப்பு உறுதியானது, அபராதம் மட்டும் பெருமளவு குறைந்தது. மற்றவர்கள் வேறு நீதிமன்றங்களுக்குப் போனார்கள். வழக்கு எப்படி இழுபட்டது என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த உத்தரவு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த ஒரு நடைமுறை. பாகம் செய்து கொடுக்கிற தொழிற்சாலைகள் அதே பாகத்தைத் தங்கள் பெயரில் வெளியே விற்கக் கூடாது என்று கார் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தன. வரைபடம் எங்கள் அறிவுச் சொத்து என்பது வாதம். அதாவது அந்தப் பாகம் நல்லதா கெட்டதா என்பதே பேச்சில்லை. எந்தக் கதவு வழியாக வெளியே வரலாம் என்பதுதான் பேச்சு. இதைப் படித்த பிறகும் ஒருவர் 'ஒரிஜினல்' என்ற சொல்லைக் கைகூப்பி உச்சரித்தால், அவருக்கு நான் என்ன சொல்ல?

கைகூப்புவது என்றதும் தேர் ஞாபகம் வருகிறது. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் எங்கள் ஊரில் பஞ்சமூர்த்திகளின் தேரோட்டம். அன்று மாட வீதியில் நிற்கிற கூட்டத்தில் ஒருவராவது சக்கரத்தைப் பார்த்து "இது ஒரிஜினலா?" என்று கேட்டு நான் கேட்டதில்லை. திருவாரூர் ஆழித்தேர் பல வருஷம் ஓடாமல் கிடந்து 1970இல் மறுபடி ஓடியது திருச்சி பெல் தொழிற்சாலை செய்த இரும்பு அச்சிலும் சக்கரத்திலும்தான். ஹைட்ராலிக் பிரேக்கும் பூட்டினார்கள். கொதிகலன் செய்கிற தொழிற்சாலை தேருக்குச் சக்கரம் செய்தது; இதைவிடப் பெரிய வெளி பார்ட்ஸ் உண்டா? ஆகம விதிக்கே கட்டுப்பட்ட ஒரு வாகனம் அதை ஏற்றுக்கொண்டது, பாரம் தாங்குகிறதா, நிறுத்தினால் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு. ஒரு டீசல் பிக்கப்புக்கு அதைவிட ஆசாரம் தேவையா?

சரி, போலிகள் இல்லையா? இருக்கின்றன, ஏராளமாக இருக்கின்றன. ஆனால் போலிக்காரன் எதைப் போலி செய்வான் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் எந்தப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறீர்களோ அந்தப் பெட்டியைத்தான். இன்ஜின் பிரித்த சமயத்தில், முன்பு மாற்றிய ஆயில் ஃபில்டர் ஒன்றை எங்கள் மெக்கானிக் அண்ணன் ஹாக்சா பிளேடால் வெட்டிக் காட்டினார். மேலே ஒரு பெரிய பெயர், ஹோலோகிராம், எம்.ஆர்.பி. எல்லாம் இருந்தது. உள்ளே காகித மடிப்புகள் இடைவெளி விட்டு, பாதி சுருங்கி, ஓரத்தில் பசை விட்டுப்போய்க் கிடந்தன. பைபாஸ் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகரம். அந்த வால்வு எதற்கென்றால், ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் இன்ஜினுக்கு ஆயில் போக வேண்டும் என்பதற்கு. அது இல்லாமல் ஃபில்டர் அடைத்தால் பேரிங்குக்கு ஆயில் வரத்து குறைந்து, கிராங்க் தேய்ந்து, மலை ஏற்றத்தில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அறுபத்தைந்து வயது அண்ணன் சொன்னார்: "பொட்டியப் பாத்து இன்னா தம்பி தெரியப்போவுது? உள்ள கீறத அளந்து பாரு."

அளப்பதுதான் என் கட்சி. பழைய வண்டிக்கு எந்தப் பெட்டிச் சரக்கு என்பதைவிட, அளந்து பூட்டினார்களா என்பதுதான் கேள்வி. டாடா 407இல் ஓடிய 497 இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கு அர்த்தம் நான்கு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். ஒரு காலத்தில் இன்ஜினின் பெயரிலேயே அளவை எழுதிவைத்தார்கள். இப்போது அதே அளவைக் கேட்டால் சர்வீஸ் சென்டரில் ஏதோ ராணுவ ரகசியம் கேட்டது போலப் பார்க்கிறார்கள்.

எங்கள் வண்டிக்கு வாங்கிய நான்கு பிஸ்டன்களை அண்ணன் நேராக இன்ஜினில் போடவில்லை. எடை பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். தேரடி வீதியில் தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் தராசில் வைத்தோம். கடையிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். மூன்று பிஸ்டன்களுக்குள் வித்தியாசம் ஒன்றிரண்டு கிராம். நான்காவது பதினொரு கிராம் கூடுதல். நிமிஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்று சுற்றும்போது அந்தப் பதினொரு கிராம் சும்மா இருக்காது. அதிர்வாகி, பேரிங்கையும் மவுன்ட்டையும் தின்னும். கொண்டுபோய்க் கொடுத்தோம், பில் இருந்ததால் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வேறு செட் கொடுத்தார். அதையும் எடை போட்டோம், சரியாக இருந்தது. பிறகு மேல் ரிங் உட்காரும் பள்ளத்தைப் பார்த்தார். டீசல் பிஸ்டன் அலுமினியம். ஆனால் மேல் ரிங் உட்காரும் இடத்தில் அடி தாங்குவதற்காக வேறு நிற வார்ப்பிரும்பு வளையம் ஒன்றைப் பதித்திருப்பார்கள். மலிவுச் சரக்கில் அது இருக்காது. இல்லாவிட்டால் கொஞ்ச நாளிலேயே பள்ளம் அகன்று, ரிங் ஆடி, மறுபடி நீலப்புகை. எங்கள் செட்டில் இருந்தது.

ரிங்கை லைனருக்குள் தனியாக இறக்கி, பிஸ்டனின் தலையாலேயே தள்ளி நேராக்கி, இரு முனைகளுக்கு நடுவில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். இடைவெளி மில்லிமீட்டரில் மூன்று, நான்கு பத்திலொரு பங்கு அளவுக்கு இருக்கும். குறைந்தால் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டி லைனரைக் கிழிக்கும். அதிகமானால் காற்று கீழே இறங்கி ஆயில் மேலே ஏறும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பெட்டியைப் பார்த்தும் சொல்ல முடியாது. ஹெட் கேஸ்கெட் கதை இன்னும் நுணுக்கம். பல டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கின் மட்டத்துக்கு மேல் எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்து, அதற்குத் தகுந்த தடிமனில் கேஸ்கெட் போட வேண்டும். தடிமனைச் சொல்ல ஓரத்தில் துளைகளோ வெட்டுகளோ இருக்கும். கடையில் பல சமயம் ஒரே தடிமன்தான் வைத்திருப்பார்கள். வெளி பார்ட்ஸ் மீது எனக்கிருக்கிற நிஜமான புகார் இந்த இடத்தில்தான்: பெயர் போட்டவர்களும்கூட, ஒரு இன்ஜினுக்கு மூன்று அளவு இருந்தால் அதிகம் விற்கிற ஒன்றை மட்டும் செய்து அனுப்பிவிடுகிறார்கள். அப்படி வந்தால் திருப்பிக் கொடுங்கள். 'அட்ஜஸ்ட்' செய்யாதீர்கள்.

இந்த 'அட்ஜஸ்ட்' பற்றியும் திட்டித்தான் ஆக வேண்டும். எங்கள் வண்டி மலையில் சூடானதற்குப் பாதிக் காரணம், யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தது. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்" என்பது தமிழ்நாடு முழுக்க உள்ள வேதவாக்கு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது ரேடியேட்டரைச் சுற்றிப் போகிற குறுக்கு வழியையும் அதுவே அடைக்கிறது. கழற்றிவிட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி வரும். சமவெளியில் தெரியாது. ஜமுனாமரத்தூர் வளைவுகளில் இரண்டாம் கியரில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு போனால் தெரியும். சில நூறு ரூபாய் தெர்மோஸ்டாட். வெளி பார்ட்ஸ்தான் போட்டோம். வெந்நீரில் போட்டு, எந்தச் சூட்டில் திறக்கிறது என்று அடுப்படியிலேயே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பூட்டினோம். அம்மாவுக்கு அந்தப் பாத்திரம் போனதில் வருத்தம்.

இன்டர்நெட்டில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு இதெல்லாம் 'ஜுகாட்'. நம்ம ஆளு குடை கம்பியை வச்சே இன்ஜினை ஓட்டிடுவான் என்று ரீல் போடுவார்கள், நாமும் ஹார்ட் விடுவோம். கம்பெனி விளம்பரத்தைவிட இது எனக்குக் கூடுதலாக எரிச்சல் தருகிறது. ஏழையின் நெருக்கடியைத் திறமை என்று கொண்டாடுவது கொண்டாடுகிறவருக்குத்தான் சுகம். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினார்கள். கார்பரேட்டரில் சில சொட்டு பெட்ரோல் விட்டு உயிர் கொடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய ஆஸ்டின்களும் மோரிஸ்களும் அப்படித்தான் ஓடின. அது சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் சரியாக எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியே இறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்து பேரிங்குகளைத் தின்றது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கு வேறு வழி இல்லாமல் போனது ஒரு அரசாங்கம் எடுத்த முடிவால்.

அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, இங்கே பஸ்களின் பின்னால் கரி எரிக்கும் உலையைப் பூட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். அந்தக் கரிவாயுக் கருவியை வடிவமைத்துத் தயாரித்தது. இன்ஜினின் சக்தி கணிசமாகக் குறையும், வாயுவை வடிகட்டாவிட்டால் சாம்பல் சிலிண்டருக்குள் போகும். அதெல்லாம் தெரிந்து, கணக்குப் போட்டு, வடிகட்டி வைத்துச் செய்தார்கள். நான் பக்கம் நிற்பது இந்த மரபுக்கு. குடைக்கம்பிக்கு இல்லை. அதே காரணத்தால், பழைய பிக்கப்பில் டர்போ ஏற்றுகிறேன், பம்பைத் திருகி டீசலை அள்ளி ஊற்றிப் பவர் கூட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்களோடும் எனக்கு ஒட்டில்லை. பிரேக்கும் கூலிங்கும் அந்தப் பவருக்குச் செய்யப்பட்டதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக் கூடாது என்றே சொல்கின்றன. தேய்ந்த பிஸ்டனுக்குப் பதில் அதே அளவு பிஸ்டன் போடுவது அந்தக் கணக்கில் வராது.

இனி ஸ்கிராப். நண்பரின் இரண்டாவது தீர்ப்பு. இதில் அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பழைய டீசல் இன்ஜினை எவ்வளவு அழகாக ரிப்பேர் செய்தாலும் அது பி.எஸ். 6 ஆகாது. பௌர்ணமி ராத்திரியில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லட்சக்கணக்கில் நடக்கிறார்கள். அந்த மூச்சுக்குள் என் வண்டிப் புகையும் போகிறது. ஆனால் அந்தப் புகையில் ஒரு பெரும்பகுதி வயதால் வருவதில்லை, பராமரிக்காததால் வருகிறது. தேய்ந்த நாசில் டீசலைப் பனி போலத் தூவாமல் சொட்டுச் சொட்டாக விடும்; அது எரியாமல் கரும்புகையாக வரும், சில சமயம் பிஸ்டனிலேயே ஓட்டை போடும். நான்கு நாசிலையும் பம்பையும் டீசல் பம்ப் கடையில் கொடுத்து, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிச் சரிசெய்தோம். நாசில்கள் வெளி பார்ட்ஸ். பி.எஸ். 3 வரையிலான டீசல் வண்டிகளுக்குப் புகை அளவு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. எங்கள் வண்டி அதில் பாதிக்கும் கீழே காட்டியது. கம்பெனி பெட்டி வேண்டும் என்று இரண்டு மாசம் காத்திருந்தால், அந்த இரண்டு மாசமும் அது உங்கள் மூக்கில்தான் புகைத்திருக்கும்.

எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டி வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு அந்தக் கட்டணமும் ஏறியது. வண்டியைச் சோதிக்கட்டும், கடுமையாகவே சோதிக்கட்டும், தேறாததை உடைக்கட்டும், எனக்குச் சம்மதம். வயதைப் பார்த்துக் கட்டணத்தை ஏற்றி, பாகம் கிடைக்காமல் செய்து, கடைசியில் ஷோரூம் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குப் பசுமைப் பெயர் வைப்பதைத்தான் சகிக்க முடியவில்லை. தள்ளப்படுகிறவர் யார் என்று பாருங்கள். ஆடம்பர கார்க்காரர் ஐந்து வருஷத்தில் தானாகவே மாற்றிவிடுவார். பதினெட்டு வருஷம் ஒரே வண்டியை ஓட்டுகிறவர் போளூரிலும் செங்கத்திலும் கீழ்பென்னாத்தூரிலும் இருக்கிற ஒற்றை வண்டி முதலாளி. டிரைவரும் அவர்தான், சில நாள் லோடுமேனும் அவர்தான். அவர் கையில் புது வண்டிச் சாவியோடு சேர்த்து அறுபது மாசத் தவணை அட்டையைக் கொடுக்கிறோம். சித்திரையில் கடலை விலை விழுந்தால் ஆவணியில் வண்டி ஃபைனான்ஸ்காரர் யார்டில் நிற்கும். எங்கள் தெருவிலேயே இரண்டு வண்டிகள் அப்படிப் போயின.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது ஸ்கிராப் சலுகை இல்லை, அளவுகள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது, அதே வருஷம் டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே போனால் பெரும்பாலும் கஸ்டமர் கேர் நம்பரும் வாரன்ட்டி விவரமும்தான் கிடைக்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012லேயே சட்டம் போட்டு, டீலருக்குக் கொடுக்கிற பழுதுபார்ப்பு விவரங்களை வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்க வைத்தார்கள். இங்கே நமக்கு வேண்டியது அதைவிட எளிது. விற்பனை நிறுத்திய ஒவ்வொரு மாடலுக்கும் போர் அளவு, கிராங்க் அளவு, ஓவர்சைஸ் அளவுகள், ரிங் இடைவெளி, கேஸ்கெட் தடிமன்கள், ஹெட் போல்ட்டை எந்த வரிசையில் எவ்வளவு முறுக்க வேண்டும் என்கிற கணக்கு. மொத்தம் பத்துப் பக்கம் வரும். கம்பெனி இனி அந்த இன்ஜினில் சம்பாதிக்கப் போவதில்லை, மறைத்துவைத்து என்ன செய்யப் போகிறது? தமிழில் போடச் சொல்லுங்கள். எங்கள் அண்ணனிடம் இந்த அளவுகளெல்லாம் ஒரு பழைய டைரியில் இருக்கின்றன, பாதி ஆயில் கறையில் அழிந்து. அவருக்குப் பிறகு ஷெட்டை நடத்த ஆளில்லை. மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்டுக்குப் போகிறான்.

அந்த டைரியைப் போன மாசம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் கேமராவில் பக்கம் பக்கமாகப் படமெடுத்தேன். எழுபத்தாறு பக்கம். பதினோரு இன்ஜின்களின் அளவுகள் படிக்கிற நிலையில் இருக்கின்றன, மீதியை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தட்டச்சு செய்கிறேன். யாராவது லேத் வைத்திருப்பவர்கள், டீசல் பம்ப் கடைக்காரர்கள், உங்கள் அப்பாவின் டைரியும் இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். ஒரே இன்ஜினுக்கு இரண்டு பேர் எழுதிய அளவு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.